தூண்டில் கிளிப்பும் ஸ்விவலும்: எதை நம்பிக் கட்டலாம், எப்படிச் சோதிப்பது

மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று பொதுவாகச் சொல்கிறோம். தூண்டில் நரம்பைச் சுற்றி எடுத்துப் பார்த்தால் முடிச்சு அப்படியே இருக்கும், நரம்பு முறுக்காமல் சுழன்றுகொடுக்கும் ஸ்விவலும் இருக்கும், அதன் கீழே செயற்கை இரையையோ ஈயத்தையோ மாட்டும் கம்பிக் கிளிப்பும் இருக்கும். கிளிப்பின் வாய் மட்டும் திறந்து கிடக்கும். அங்கே எதுவும் அறுபடவில்லை, திறந்துகொண்டது. அறுபட்டால் காரணம் வேறு, திறந்தால் காரணம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் அடுத்த தடவைக்கு இன்னும் தடிமனான நரம்பை வாங்கிப் போட்டு, அதே பாக்கெட்டிலிருந்து இன்னொரு கிளிப்பை மாட்டுவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு.

இது கரையில் நின்று ராடும் (தூண்டில் கோல்) ரீலும் (நரம்பு சுற்றும் கருவி) வைத்துப் பிடிப்பவர்களுக்கு எழுதியது. முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு லூர் என்னும் செயற்கை இரையை வீசுகிறவர், மணலில் நின்று ஈயம் கட்டிக் கிழங்கானுக்கு இரை போடுகிறவர், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களில் ஏறிப் பாறை மீனுக்கும் சீலாவுக்கும் நிற்கிறவர், இந்த மூவருக்கும் ஒரே கிளிப் உதவாது.

மேலிருந்து கீழே எண்ணிப் பாருங்கள்

ரீலிலிருந்து வரும் நரம்பு முதலாவது. அதோடு சேரும் லீடர் என்னும் தடித்த முனை நரம்பு இரண்டாவது. லீடரின் முனையில் ஸ்விவல், ஸ்விவலில் கிளிப், கிளிப்பில் லூரோ ஈயமோ. லூராக இருந்தால் அதன் மூக்கில் ஒரு ஸ்ப்ளிட் ரிங் (சாவிக்கொத்து வளையம் மாதிரி இரட்டைச் சுற்று வளையம்), வயிற்றில் இன்னும் இரண்டு. எண்ணினால் ஏழெட்டு இணைப்பு வந்துவிடும். இவற்றில் எது மிகவும் பலவீனமோ அதன் பலம்தான் முழு ரிக்கின், அதாவது நரம்பின் முனையில் கட்டிய மொத்தத் தொகுப்பின், பலம். 20 கிலோ தாங்கும் லீடருக்குக் கீழே 8 கிலோவில் வாய் பிளக்கும் கிளிப் இருந்தால் உங்கள் கையில் இருப்பது 8 கிலோ ரிக்.

ஆகவே முதல் வேலை, தேவையில்லாத இணைப்பை எடுத்துவிடுவது. நாள் முழுவதும் ஒரே பாப்பர் லூரைத்தான் வீசப்போகிறீர்கள் என்றால் கிளிப்பே வேண்டாம், ஸ்ப்ளிட் ரிங்கை எடுத்துவிட்டு லூரின் மூக்குக் கண்ணிலேயே முடிச்சுப் போடுங்கள். லூரைச் சட்டென்று மாற்ற உதவுவதுதான் கிளிப்பின் வேலை. ரிக்கின் பலத்தை அது கூட்டுவதில்லை. ஸ்விவலும் அப்படித்தான். சுழன்றுவரும் ஸ்பூன், ஜிக் வகை லூருக்கு அது வேண்டும். நேராக நீந்திவரும் மின்னோ லூருக்கு அனேகமாக வேண்டாம்.

கிளிப்பின் வடிவம்தான் முக்கியம்

கடையில் நூறு எண்ணிக்கை பாக்கெட்டில் மலிவாகக் கிடைப்பது ஊக்கு வடிவ ஸ்னாப் (கிளிப்புக்குக் கடையில் சொல்லும் பெயர்). புடவைக்குக் குத்தும் ஊக்கைப் போலவே ஒரு சிறிய பித்தளைத் தகடு, அதற்குள் செருகிக்கொள்ளும் கம்பி. இதிலேயே இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் கம்பியின் முனை நேராகத் தகட்டுக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கும். மற்றதில் முனை கொக்கியாக வளைந்து தகட்டின் விளிம்பைப் பிடிக்கும். முதல் ரகத்தைக் கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். சுமை ஏறும்போது கம்பி நீண்டு, தகடு மலர்ந்து, முனை வழுக்கி வெளியே வந்துவிடும். இரண்டாவது ரகம் 40 கிராம் வரையிலான ஈயத்துக்கும் சின்ன மீனுக்கும் போதும், அதற்குமேல் வேண்டாம். இரண்டிலுமே தகட்டுக்கு உள்ளே உப்புநீர் தேங்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரிப்புத் தொடங்கும்.

அடுத்தது டியோலாக். ஒரே கம்பியை வளைத்துச் செய்த நீள்வட்டம், தகடு கிடையாது. லூரின் அசைவைக் கெடுக்காத லேசான கிளிப் இது. நடுத்தர அளவு லூருக்கு நன்றாகவே இருக்கும். பெரிய மீன் பக்கவாட்டில் திருகினால் திறக்க வாய்ப்பு அதிகம்.

கிராஸ்லாக்கில் கம்பியின் முனை எதிர்க் கம்பியைக் குறுக்காகத் தாண்டிப் போய்க் கொக்கி போடும். கோஸ்ட்லாக்கில் பேரிக்காய் வடிவ வளையத்தின் முனை திரும்பி வந்து தன் தண்டையே கவ்விக்கொள்ளும். இந்த இரண்டிலும் சுமை கூடக் கூடக் கொக்கி இறுகும். நேர் இழுவையில் கொக்கி நிமிர்ந்தால்தான் திறக்கும், வழுக்கித் திறக்காது. புதிதாக வாங்குகிறவருக்கு எங்கள் பரிந்துரை இந்த இரண்டில் ஒன்று, அதிலும் கோஸ்ட்லாக். கொஞ்சம் பெருசாகத் தெரியும், 7 சென்டிமீட்டருக்குக் குறைவான லூரின் நடையைச் சற்று மந்தமாக்கும். கடல் மீனுக்கு அந்த விலையைக் கொடுக்கலாம்.

சுருள் கிளிப் என்று ஒன்று இருக்கிறது. இதில் திறந்து மூடும் வாய் இல்லை. லூரின் வளையத்தைச் சுருளுக்குள் விட்டுச் சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டும். கம்பியை வளைக்கவே தேவையில்லாததால் எத்தனை முறை மாற்றினாலும் பலம் குறையாது. ஆனால் தடித்த ஸ்ப்ளிட் ரிங் இதற்குள் நுழையாது. இருட்டில், ஈரக் கையால் மாட்டப் பழக்கம் வேண்டும்.

ஸ்விவலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பீப்பாய் வடிவப் பித்தளை ஸ்விவல் மலிவு. சுமையில்லாதபோது சுழலும், மீன் இழுக்கும்போது நின்றுவிடும். ரோலிங் ஸ்விவல் சுமையிலும் ஓரளவு சுழலும். பெரும்பாலான வேலைக்கு இதுவே போதுமானது. பால்பேரிங் ஸ்விவல் கனமான சுமையிலும் சுழலும், ஆனால் உள்ளே மணல் புகுந்தால் அதுவும் கட்டைதான். வாங்கும்போது அதன் வளையம் பற்றவைக்கப்பட்டதா என்று பாருங்கள். பளபளக்கும் பித்தளை நிறத்தைவிடக் கறுப்பு நிறம் நல்லது. வஞ்சிரமும் சீலாவும் மின்னுகிற ஸ்விவலையே மீன்குஞ்சு என்று நினைத்துக் கவ்வும், நரம்பு அந்த இடத்தில் அறுபடும்.

எண்ணை நம்பாதீர்கள், கிலோவைப் படியுங்கள்

ஸ்விவலில் எண் கூடக் கூட அளவு சிறுக்கும். 10ஆம் எண் சிறியது, 4ஆம் எண் அதைவிடப் பெரியது, 1/0 இன்னும் பெரியது. ஸ்ப்ளிட் ரிங்கில் இது தலைகீழ்: எண் கூடினால் அளவும் கூடும். ஜப்பானியக் கம்பெனிகளின் ஸ்னாப் பலவற்றிலும் எண் கூடினால் பெரியதுதான், வேறு கம்பெனிகளில் எதிர்மாறாக இருக்கும். ஒரே கடையில் “4ஆம் எண் ஸ்னாப், 4ஆம் எண் ஸ்விவல், 4ஆம் எண் ரிங்” என்று கேட்டு வாங்கினால் ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று பொருள் கையில் வரும்.

பாக்கெட்டின் மேல் கிலோவோ பவுண்டோ அச்சிட்டிருக்கும். 1 பவுண்டு என்பது ஏறத்தாழ 0.45 கிலோ. 50 என்று மட்டும் போட்டு அலகு இல்லையென்றால் பவுண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், 22.5 கிலோ. எதுவுமே அச்சிடாத பாக்கெட்டை வாங்க வேண்டாம். அச்சிட்டிருப்பதும் நேர்கோட்டில், மெதுவாக, புதுப் பொருளை இழுத்துப் பார்த்த அளவுதான். கடலில் மீன் அப்படி இழுப்பதில்லை.

எவ்வளவு பலம் வேண்டும்

லூர் வீசுகிறவருக்குக் கணக்கு எளிது. ரீல் நரம்பின் பலத்தைப் போல ஒன்றரை மடங்கு கிளிப்புக்கு வேண்டும். 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு) என்றால் 13.6 கிலோ, கிளிப்புக்கு 20 கிலோ. மீன் இழுத்தால் நரம்பை நழுவவிடும் ரீலின் டிராகை நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு, அதாவது மூன்றரைக் கிலோவுக்கு வைத்திருக்கும்போது 20 கிலோ எதற்கு என்று தோன்றும். லூர் கல்லில் சிக்கி நீங்கள் கையால் இழுக்கும்போதும், கரையருகே நரம்பு சுற்றிய ஸ்பூலைக் கையால் அமுக்கிப் பிடிக்கும்போதும் டிராக் வேலை செய்யாது. முழுச் சுமையும் கம்பிக்குப் போகும்.

ஈயம் வீசுகிறவருக்குக் கணக்கு வேறு. மீன் பிடிபடுவதற்கு முன்பே, வீசும்போதே சுமை ஏறிவிடுகிறது. 120 கிராம் ஈயம் 4 மீட்டர் ஆரத்தில் சுழன்று விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தை எட்டும்போது, சுழற்சி மட்டுமே ஏறத்தாழ 5 கிலோ இழுவையைத் தரும். இதோடு ராடை வெட்டி இழுக்கும் அதிர்வு, இரையின் எடை, முடிச்சில் குறையும் பலம் எல்லாம் சேரும். பிரிட்டனில் கடற்கரையிலிருந்து தூரம் வீசுகிறவர்கள் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: ஈயத்தின் ஒவ்வொரு அவுன்சுக்கும், அதாவது 28 கிராமுக்கும், லீடரில் 10 பவுண்டு. அதன்படி 60 கிராமுக்கு 9.6 கிலோ, 90 கிராமுக்கு 14.4 கிலோ, 120 கிராமுக்கு 19 கிலோ, 150 கிராமுக்கு 24 கிலோ. லீடருக்குக் கீழே இருக்கும் ஸ்விவலும் ஈயக் கிளிப்பும் இந்த அளவுக்குக் குறையவே கூடாது.

இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. விநாடிக்கு 40 மீட்டர் என்பது மணிக்கு 144 கிலோமீட்டர், நல்ல வேகப்பந்து வீச்சாளரின் வேகம். கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம், உங்கள் ஈயமும் கிட்டத்தட்ட அதே எடை. வீசும்போது கிளிப் திறந்தால் ஈயம் எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாலை நேரத்தில் பிள்ளைகள் விளையாடும் கடற்கரையில் 8 கிலோ ஊக்கு ஸ்னாப்பில் 120 கிராம் ஈயத்தை மாட்டி வீசுவதை யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

மாட்டும் முறை

கிளிப் திறப்பதற்கு மிகப் பெரிய காரணம், அதற்குள் உட்கார வேண்டியது தப்பான இடத்தில் உட்காருவது. ஒரு கோஸ்ட்லாக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பேரிக்காயின் அகன்ற அடிப்பகுதி ஒன்று, குறுகிய கழுத்து ஒன்று. லூரின் வளையம் அகன்ற அடியில், சரியாக நடுவில் தொங்க வேண்டும். ஸ்ப்ளிட் ரிங் மிகத் தடிமனாக இருந்தால் அது அடிக்கு இறங்காமல் பக்கத்தில் சிக்கி நிற்கும். அப்போது இழுவை முழுவதும் ஒரு பக்கக் கம்பிக்கே போகும், கொக்கி இருக்கும் பக்கமாக இருந்தால் அது நெம்பித் திறக்கும். 25 கிலோ என்று அச்சிட்ட கிளிப் இந்த நிலையில் அதில் பாதியைக்கூடத் தாங்காமல் போகலாம்.

மாட்டும் வரிசை இப்படி இருக்கட்டும். கிளிப்பின் வாயை லூரின் வளையம் நுழையும் அளவுக்கு மட்டும் திறங்கள், அதற்குமேல் ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம். நகத்தாலோ விரலாலோ திறக்க வேண்டும், குறட்டால் அல்ல. வளையத்தை நுழைத்து மூடியதும் கொக்கி தன் இடத்தில் ‘டிக்’ என்று விழுகிறதா என்று கவனியுங்கள். மூடிய பிறகு கொக்கியை வெளிப்பக்கமாக நகத்தால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். பிறகு லூரைப் பிடித்து ஐந்து கிலோ அளவுக்கு நேராக இழுங்கள். கடைசியாக லூரை இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். வளையம் எங்காவது சிக்கி நின்றால் அந்தக் கிளிப்பும் அந்த லூரும் சேராது.

கொடுவா பிடிக்கிறவர்கள் இந்தத் திருப்பிப் பார்க்கும் வேலையைத் தவறாமல் செய்ய வேண்டும். கொடுவா தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும்போது நரம்பு ஒரு கணம் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் 30 கிராம் லூர் கிளிப்பின் மேல் முன்னும் பின்னும் அடிக்கும், வளையம் கழுத்துப் பக்கம் ஏறி உட்காரும். மறுபடி நரம்பு விறைக்கும்போது இழுவை கொக்கியின் முதுகில் விழும். கிளிப் அப்படித்தான் திறக்கிறது, கம்பி துளிகூட வளையாமலேயே. மீன் எழும்பும்போது ராடின் முனையைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி நரம்பை விறைப்பாகவே வைத்திருந்தால் இதில் பெரும்பகுதி தவிர்க்கலாம்.

ஸ்ப்ளிட் ரிங்கில் நேரடியாக முடிச்சுப் போடக் கூடாது. அதன் வெட்டு முனை நரம்பைக் கீறும், மெல்லிய பிரெய்டு இரண்டு சுற்றுக்கு நடுவிலேயே நழுவி வெளியேறும். முழு வளையத்திலோ ஸ்விவலின் கண்ணிலோ முடிச்சைப் போட்டு, அதை ஸ்ப்ளிட் ரிங்கில் கோர்க்க வேண்டும். ஸ்ப்ளிட் ரிங்கை விரிக்க அதற்கென்றே மூக்கு வளைந்த குறடு கிடைக்கிறது. கத்தியால் நெம்பினால் இரண்டு சுற்றும் விலகியே நின்றுவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இரண்டு சுற்றுக்கும் இடையே ஒளி தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

20 லிட்டர் வாளி இருந்தால் சோதனைச்சாலை தயார்

பாக்கெட்டில் அச்சிட்டதை நம்புவதைவிட வீட்டில் சோதித்துப் பார்ப்பது மேல். வேண்டியது: 50 கிலோ வரை காட்டும் லக்கேஜ் தராசு, காலியான 20 லிட்டர் பெயின்ட் வாளி, உறுதியான கயிறு, ஊஞ்சலோ தூளியோ கட்டும் கூரைக் கொக்கி. வாளியின் பிளாஸ்டிக் பிடியை நம்பாமல் கயிற்றை அடியோடு சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள்.

கூரைக் கொக்கியில் தராசு, தராசில் சோதிக்க வேண்டிய கிளிப், கிளிப்பில் வாளி என்ற வரிசையில் தொங்கவிடுங்கள். வாளியின் அடி தரையிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, கீழே பழைய தலையணை ஒன்று கிடக்கட்டும். கிளிப்பின் மேல் ஒரு துண்டைச் சுற்றிவிடுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், முகத்தை எட்ட வையுங்கள். உடைந்த கம்பி எந்தப் பக்கம் தெறிக்கும் என்று தெரியாது. வாளியையும் கிளிப்பையும் இணைக்க, நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் அதே லூரின் ஸ்ப்ளிட் ரிங்கையே இடையில் போடுங்கள். வேறு தடிமனில் போட்டுச் சோதித்தால் கிடைக்கும் எண் உங்கள் ரிக்கின் எண் ஆகாது.

இனி குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. ஒவ்வொரு குவளைக்கும் பத்து விநாடி பொறுங்கள். 20 கிலோவுக்குமேல் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீருக்குப் பதில் உலர்ந்த மணல் போடலாம், லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ வரும். தராசு எப்படியும் எடையைக் காட்டிவிடும். கிளிப் திறக்கும்போதோ கம்பி நீளத் தொடங்கும்போதோ தராசு காட்டிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாக்கெட்டிலிருந்து ஐந்து எடுத்துச் சோதியுங்கள். ஐந்தின் சராசரி உங்களுக்கு வேண்டாம், மிகக் குறைந்த எண்தான் வேண்டும். நான்கு 24 கிலோவும் ஒன்று 13 கிலோவும் தாங்கினால் அது 13 கிலோ பாக்கெட். மீன் எந்தக் கிளிப்பில் மாட்டும் என்பது உங்கள் கையில் இல்லை. சோதித்த ஐந்தும் திறக்காமலே நின்றிருந்தாலும் அவற்றைப் பெட்டிக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது.

நேர் இழுவை முடிந்ததும் இன்னும் இரண்டு சோதனை. முதலாவது, ரிங்கை வேண்டுமென்றே கொக்கிப் பக்கக் கம்பியில் சாய்த்து வைத்து அதே வாளியைத் தொங்கவிடுவது. இதில் எண் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்கு அந்த வடிவம் ஆபத்தானது. இரண்டாவது, ஒரு புதுக் கிளிப்பை ஐம்பது முறை திறந்து மூடிவிட்டுப் பிறகு தொங்கவிடுவது. எஃகுக் கம்பியை ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் அந்த இடம் கடினமாகி, வளையும் தன்மையை இழந்து, கடைசியில் முறியும். ஒரு நாளில் பத்து லூர் மாற்றுகிறவருக்கு ஐம்பது முறை என்பது ஐந்தே நாள்.

ஸ்விவலுக்கு வேறு சோதனை. அதை ஒரு கயிற்றில் கட்டி, கீழே வாளியில் 2 கிலோ தொங்கவிட்டு, வாளியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். மேலே இருக்கும் கயிறு முறுக்கிக்கொண்டால் ஸ்விவல் சுழலவில்லை என்று பொருள்.

உப்பு என்ன செய்யும்

பித்தளையில் துத்தநாகம் கலந்திருக்கிறது. கடல்நீர் அந்தத் துத்தநாகத்தை அரித்து எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது பொத பொதவென்ற செம்பு. மஞ்சளாக இருந்த ஸ்விவல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. வெளியே வடிவம் மாறாததால் ஏமாந்துவிடுவோம். நிக்கல் முலாம் பூசிய சாதா எஃகில் முலாம் கீறிய இடத்தில் துரு நுழையும். பித்தளை ஸ்விவலும் சாதா எஃகுக் கிளிப்பும் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் கிடந்தால் எஃகு வழக்கத்தைவிட வேகமாக அரிக்கும்.

துருப்பிடிக்காத எஃகில் 304, 316 என்று இரண்டு தரம் பரவலாகக் கிடைக்கும். 316இல் மாலிப்டினம் சேர்த்திருப்பதால் உப்பை அது நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்துத் தரம் பார்ப்பவர்கள் உண்டு, அது சரியான வழி அல்ல. 304 எஃகைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து மெல்லிய கம்பியாக்கும்போது அது ஓரளவு காந்தத்தில் ஒட்டத் தொடங்கிவிடும். ஒட்டியதாலேயே போலி என்று முடிவு கட்டாதீர்கள். உப்பில் போட்டுப் பார்ப்பதே நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீரின் உப்பளவு வந்துவிடும். அதில் கிளிப்பை இரவு முழுவதும் போட்டு, பகலில் எடுத்து வெயிலில் உலர்த்துங்கள். ஏழு நாள் இப்படிச் செய்து எட்டாம் நாள் வாளியில் தொங்கவிட்டால் அந்தப் பாக்கெட்டின் குணம் தெரிந்துவிடும்.

மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஈரத்தோடு போட்டு வைப்பதுதான் கடலைவிடக் கெடுதல். ஒரு துருப்பிடித்த மும்முள் பெட்டியின் பக்கத்து அறையில் இருக்கும் எல்லாவற்றையும் கறையாக்கும். வீட்டுக்கு வந்ததும் அன்று பயன்படுத்திய கிளிப், ஸ்விவல், லூர் மூன்றையும் குழாய்த் தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி, நன்றாகக் காய்ந்தபின் பெட்டியில் வையுங்கள்.

இரை கிளிப்: இறுக்கமும் தொய்வும்

தூரம் வீசும் ரிக்கில் ஈயத்துக்குச் சற்று மேலே ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அதுதான் இரை கிளிப். வீசும்போது இரையோடு இருக்கும் முள்ளை அதில் மாட்டி வைத்தால் இரை காற்றில் அலையாது, ஈயத்தின் பின்னாலேயே போகும், தூரமும் கூடும். ஈயம் தண்ணீரில் விழுந்ததும் நரம்பு தொய்ந்து முள் தானாகக் கழன்றுவிடும். இதை 1 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத கம்பியில் வீட்டிலேயே வளைத்துக்கொள்ளலாம்.

இது இரண்டு விதத்தில் சதி செய்யும். நடுவானிலேயே கழன்றால் தூரம் குறையும், இரையும் கிழியும். கழலாமலே இருந்தால் இரை ஈயத்தோடு கட்டுண்டு அடியில் கிடக்கும், அரை மணி நேரம் ஒன்றும் கடிக்காது, நீங்கள் மீன் இல்லை என்று இடம் மாறுவீர்கள். காரணம் பெரும்பாலும் முள்ளை ரிக்கோடு இணைக்கும் துணை நரம்பின் நீளம். நைலான் தண்ணீரை உறிஞ்சி மெல்ல நீளும். வீட்டில் உலர்வாகக் கட்டி விறைப்பாகப் பார்த்தது, இரண்டாம் வீச்சுக்குள் தொய்ந்துவிடும். அதனால் துணை நரம்பை நனைத்து, கையால் ஒருமுறை இழுத்துவிட்டு, அதன் பிறகே நீளத்தைச் சரிசெய்யுங்கள். துணை நரம்பு தொடங்கும் இடத்தில் நகர்த்தக்கூடிய தடை முடிச்சு ஒன்றைப் போட்டு வைத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏற்றி இறக்க முடியும். அளவு இதுதான்: முள்ளை மாட்டியபின் துணை நரம்பு நேர்கோடாக நிற்க வேண்டும், ஆனால் ரிக்கின் நடு நரம்பை வில்லாக வளைக்கக் கூடாது. வில்லாக வளைத்தால் முள் கழலாது. முள் கொக்கியின் வளைவுக்குள் ஆழமாக இறங்கிவிட்டாலும் கழலாது, வளைவின் வாயைக் கொஞ்சம் அகலமாக்குங்கள்.

கற்களில் நிற்கும்போது அறுபட வேண்டியதும் ஒன்று வேண்டும்

தூண்டில் வளைவிலும் முட்டம் மாதிரியான பாறைக்கரையிலும் ஈயம் கல்லிடுக்கில் சிக்குவது தினப்படி நடப்பது. எல்லா இணைப்பும் 25 கிலோ தாங்கினால் ரீல் நரம்புதான் அறுபடும், நீளமான நரம்பு கடலில் கிடந்து மீனையும் ஆமையையும் சுற்றும். ஆகவே ஈயத்துக்கு மட்டும் பலவீனமான இணைப்பு ஒன்று வேண்டும்: 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், 4 அல்லது 5 கிலோ தாங்கும் தங்கூசி (நைலான் நரம்பு). சிக்கினால் அது மட்டும் அறுந்து, ஈயம் போகும், மீனும் முள்ளும் வரும்.

ஆனால் மேலே சொன்ன கணக்கின்படி இந்தத் தங்கூசி ஒரு பலமான வீச்சைத் தாங்காது. அதற்கு வழி, இரை கிளிப் மாதிரியே ஒரு கொக்கியை ரிக்கின் அடியில் தலைகீழாக வைப்பது. 1.2 மில்லிமீட்டர் கம்பி இதற்குத் தோதாக இருக்கும். வீசும்போது ஈயத்தின் கண் அந்தக் கொக்கியில் தொங்கும், சுமை முழுவதும் கம்பிக்கும் லீடருக்கும் போகும். தண்ணீரில் விழுந்து நரம்பு தொய்ந்ததும் ஈயம் கொக்கியிலிருந்து இறங்கி மெல்லிய தங்கூசியில் நிற்கும். மாட்டிவிட்டு ஈயத்தை லேசாக மேலே தூக்கிப் பாருங்கள்: தூக்கியதும் கழன்றால் சரி. தொங்கும்போது ஆட்டினாலே கழன்றால் வீசாதீர்கள், கொக்கியை இன்னும் கொஞ்சம் உள்ளே வளையுங்கள். 40 கிராமுக்குள் ஈயம் கட்டிக் கீழ்க்கையால் மெதுவாகப் போடுகிறவருக்கு இந்தக் கொக்கி தேவையில்லை, தங்கூசியே போதும்.

கெட்ட கிளிப் என்ன சொல்கிறது

திறந்த கிளிப்பை எறியுமுன் அரை நிமிடம் பாருங்கள். கம்பி நேராக நீண்டு கொக்கி நிமிர்ந்திருந்தால் சுமை மிஞ்சிவிட்டது: பெரிய அளவுக்குப் போங்கள், அல்லது டிராகைக் குறையுங்கள். கம்பி ஒரு பக்கமாக முறுக்கியிருந்தால் ரிங் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தது: அளவைக் கூட்டுவதால் பயனில்லை, வடிவத்தையோ ரிங்கையோ மாற்றுங்கள். கம்பி கொஞ்சமும் வளையாமல் வாய் மட்டும் திறந்திருந்தால் ஒன்று சரியாகப் பூட்டவில்லை, அல்லது தொய்வில் கழன்றது. வளையாமல் சுத்தமாக முறிந்திருந்தால் முறிந்த முகத்தைப் பாருங்கள்: பழுப்பாக இருந்தால் துரு, வெள்ளியாகப் பளிச்சென்று இருந்தால் திறந்து மூடிக் களைத்த கம்பி. ஸ்விவலின் கண் பீப்பாயிலிருந்தே உருவி வந்திருந்தால் அந்தப் பாக்கெட் முழுவதையும் கழித்துவிடுங்கள்.

வளைந்ததைக் குறட்டால் நேராக்கித் திரும்ப மாட்டுவது வேண்டாம். நல்ல மீன் ஒன்றோடு போராடிய கிளிப்பை, பார்க்க ஒழுங்காக இருந்தாலும், அன்றே மாற்றிவிடுங்கள்.

கழித்ததைக் கரையில் போடாதீர்கள். வலை இழுப்பவர்கள் வெறுங்காலோடு நடக்கும் மணல் அது. மூடியுள்ள மாத்திரை டப்பா ஒன்றைப் பையில் வைத்து, உடைந்த கிளிப், வெட்டிய நரம்பு, மழுங்கிய முள் எல்லாவற்றையும் அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். டப்பாவின் மேல் தேதியையும் பாக்கெட்டின் பெயரையும் எழுதி வைத்தால், அடுத்த தடவை கடையில் எந்தப் பாக்கெட்டை எடுக்கக் கூடாது என்று தெரிந்துவிடும்.